மெட்டுக் கட்சியும் வரிக் கட்சியும்

எங்கள் காரில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் யாருடைய பெயரையும் சொல்லக்கூடாது. இது அண்ணன் போட்ட சட்டம். ஒருநாள் காலை, பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய கவிஞரைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, அண்ணன் கோபத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரனில் அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து பெயருக்குத் தடை. இதை எழுதும்போதும் அந்தச் சட்டத்தை மதிக்கிறேன். பெயர் சொன்னால் அடிதடி நிச்சயம், எனக்கு உடம்பில் அதற்குத் தெம்பில்லை.

காரில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். அண்ணி பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தங்கச்சி நான், அதே பிறையில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரே அடுக்குமாடியில் இருக்கிறோம், அவர்கள் கீழே, நான் மேலே. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாமே நன்றாக இருக்கும்.

காலையில் எங்கள் தீவிலிருந்து அக்கரைக்கு வேலைக்குப் போகும் கடல் பாலத்தில் வண்டி ஜேம் இல்லாத நாள் கிடையாது. அந்த ஜேமில்தான் எங்கள் வழக்கு நடக்கும். உலகத்திலேயே சிறந்த பாட்டு ஜோடி எது? ஜோடியில் பெரியவர் மெட்டுப் போட்டவரா, வரி எழுதியவரா? பெயர் சொல்ல முடியாததால் எல்லா ஜோடிக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தோம். அண்ணன் தலையில் தூக்கி வைத்து ஆடும் பழைய படப்பாட்டு ஜோடிக்கு 'மூத்த ஜோடி'. பிரிந்து போய் இருபது வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் என்று அண்ணன் எங்கோ கேட்டுவந்த ஜோடிக்கு 'சண்டைக்கார ஜோடி'. ஆங்கிலப் பாட்டுக்கு ஒரு 'வெள்ளைக்கார ஜோடி', மலாய்க் காதல் பாட்டுக்கு ஒரு 'மழை ஜோடி', ஏனென்றால் அவர்கள் பாட்டில் எப்போதும் மழை பெய்துகொண்டே இருக்கும். இங்கே நம் ஊர்ப் பையன்கள் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் போடும் பாட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. அது அச்சில் வரத் தகுந்ததல்ல.

அண்ணன் மெட்டுக் கட்சி. அவரிடம் ஒரு பரிசோதனை உண்டு. ஜன்னலைத் திறந்து, பக்கத்துக் காரில் இருப்பவருக்குக் கேட்கும்படி ஒரு மெட்டை உரக்க இழுப்பார். அந்த ஆள் தலையை ஆட்டினால் வெற்றி.

"பாத்தியா? மெட்டு போதும். ஒனக்கு வார்த்தை வேணுமா? சீனக்காரர் கூட தலைய ஆட்டறாரு லா!"

"அவரு ஆட்டலண்ணே. பயந்து போயி ஜன்னல மூடுறாரு."

நான் வரிக் கட்சி. ஒரு மனிதன் காதலில் விழுந்தாலும் சரி, வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கினாலும் சரி, வாயில் வருவது வரிதான், தன்னன்னானா அல்ல என்பது என் வாதம். அண்ணன் வாங்கும் திட்டுக்கு உதாரணம் தேடி நான் அலைய வேண்டியதில்லை. உதாரணம் முன் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

அண்ணிதான் நீதிபதி. ஆனால் தீர்ப்புச் சொல்ல மாட்டார். காலையில் வாங்கிய வடையைக் கடித்துக்கொண்டே, "ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்பார். இதைவிட எரிச்சலான வாக்கியத்தை நான் எந்தப் பாட்டிலும் கேட்டதில்லை.

அண்ணன் ஒருநாள் கேட்டார், சண்டைக்கார ஜோடி பிரிந்ததற்குப் பிறகு இரண்டு பேரும் அதே மாதிரி பாட்டுக் கொடுத்தார்களா என்று. எனக்கு அன்றைக்கு வாய் நீளம். ஏன் கொடுக்கவில்லை, வரிக்காரர் வேறு நாலு பேரோடு உட்கார்ந்து எழுதினார், எல்லாம் ஓடின என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஜோடிங்கிறதே ஒரு ஆக்சிடென்ட்ண்ணே. நல்லா எழுதறவன் எந்த மெட்டுக்கும் எழுதுவான். நல்ல மெட்டுக்கு எவன் எழுதினாலும் நிக்கும். சேர்ந்திருந்தாதான் ஆகும்னு ஒண்ணும் இல்ல."

அண்ணி வடையை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மீண்டும் மென்றார். நான் அதைக் கவனித்தேன், கவனித்ததைப் பற்றி யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் காரில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. நானும் அண்ணியும்.

எங்கள் மாதா கோயில் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு மண்டபத்து வாசலுக்கு வந்ததும் உள்ளே விட்டுவிட மாட்டோம். பெண் வீட்டுப் பெண்கள் வாசலை மறித்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கேலி செய்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். அவர்கள் பதில் பாட்டுப் பாடினால்தான் தட்டு உள்ளே வரும். படப் பாட்டு மெட்டில் பாடுவது கேவலம், புதிதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் பல வருடமாக அந்தப் பாட்டை நாங்கள் இரண்டு பேரும்தான் போட்டுக் கொடுக்கிறோம். அண்ணி மெட்டு, நான் வரி. நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஒரு வேலையை உருப்படியாகச் செய்கிறார்கள் என்பதையே பலர் நம்பவில்லை. மண்டபத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வேலை நடப்பது இப்படி. அண்ணி சமைக்கும்போதோ துணி காயப் போடும்போதோ வாயில் ஒரு மெட்டு வரும். உடனே கைப்பேசியில் தன்னன்னானா என்று பாடி எனக்கு அனுப்புவார். பின்னால் குக்கர் விசில் அடிக்கும், குழாய் ஓடும். நான் மத்தியானம் மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சோறு சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்பேன். அண்ணியின் எல்லா மெட்டிலும் ஒரு விசேஷம் உண்டு. மூன்று அடி தடதடவென்று ஓடும். பிறகு சட்டென்று ஒன்றும் இருக்காது, மூச்சு விடும் நேரத்துக்கு வெறும் இடம். அதற்குப் பிறகு ஒரு குட்டி அடி. கேலி முழுவதும் அந்தக் குட்டி அடியில்தான் உட்காரும். வெறும் இடத்தில் கூட்டம் காதைத் தீட்டும், குட்டி அடியில் சிரிக்கும். பட்டர்வொர்த் மாப்பிள்ளை ஒருவருக்குப் போட்டது இப்போதும் எங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் காருக்குக் காடி என்று பெயர்.

பாலம் தாண்டி வாறாராம், பளபளக்கும் காடியாம்,
பவுடர் பூசி வாறாராம், பத்து ஊரு கூடுதாம்,
பாதி வழி வந்ததுமே பெட்ரோல் தீர்ந்து போனதாம்...
மாமனார் தள்ளுறார்!

அந்த மாமனார் இன்றும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பி நடப்பார்.

இப்படி ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பாடிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுப் பெண்ணுக்கே இடம் அமைந்தது. அண்ணனின் ஒரே மகள். அவள் பிறந்த வாரத்திலிருந்து பாதி என் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான், ஸ்கூல் மேடையில் பாடும்போது கீழே நின்று வாயசைத்ததும் நான்தான். அவளுடைய பரிசத்துக்கு ஒரு பாட்டு எழுத வேண்டும் என்று அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து எனக்கு ஆசை. வேறு எதை எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். இதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மாப்பிள்ளை நிபோங் திபால் பையன். ஏதோ ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். அதோடு நண்பனோடு சேர்ந்து பாட்டுப் போட்டு இணையத்தில் விடுகிறவன். நண்பன் மெட்டு, இவன் வரி. அவனும் ஒரு ஜோடியின் பாதி என்று கேட்டதும் எனக்கு அவன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அண்ணன் விடுவாரா? மீன் கறியை ஊற்றும் முன்பே வழக்கை எடுத்துப் போட்டார்.

"தம்பி, சொல்லுங்க. பாட்டுல பெரியவரு யாரு? மெட்டா, வரியா?"

பையன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வரிதான் அங்கள். மெட்டு எல்லாம் இப்ப கம்ப்யூட்டரே போட்டுடும் லா."

மெட்டுப் போடுகிற மாமியார் அவன் தட்டில் அப்போதுதான் மீன் துண்டை வைத்துக்கொண்டிருந்தார். பெரிய துண்டு திரும்பிச் சட்டிக்குப் போய் நடுத்தரத் துண்டு வந்தது. அண்ணன் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் என் கட்சிக்கு வந்த முதல் உறுப்பினர். அவன் எழுதிய வரிகளைச் சொல்லச் சொன்னேன். சொன்னான். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே மோசமில்லை. கொஞ்சம் நிலாவும் கொஞ்சம் வானவில்லும் அதிகம், வயது அப்படி.

அண்ணன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அப்பறம் என்னா? பரிசப் பாட்டுக்கு இவரே வரி எழுதட்டுமே. நல்லா எழுதறவன் எந்த மெட்டுக்கும் எழுதுவான், சேர்ந்திருந்தாதான் ஆகும்னு இல்லன்னு என் தங்கச்சியே சொல்லிருக்கு. காடில வச்சுச் சொன்னது. நான் மறக்கல."

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் பையன் முகம் மலர்ந்துவிட்டது.

"உண்மையாவா அங்கள்? ஆண்ட்டி, நீங்க ஓகேவா?"

நான் ஓகே இல்லை. மாப்பிள்ளை தன்னைத்தானே எப்படிக் கேலி செய்து எழுதுவான் என்று கேட்டிருக்கலாம். ஆனால் நானே உண்டாக்கிய கட்சி, நானே சொன்ன வாதம், இப்போதுதான் நானே புகழ்ந்த கவிஞன். "அதுக்கென்ன தம்பி, தாராளமா எழுதுங்க" என்றேன். சிரித்தும் வைத்தேன். அண்ணியைப் பார்த்தேன். புது மருமகன் ஆசையாகக் கேட்கும்போது எந்த மாமியார் மறுப்பார்? அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என் கைப்பேசிக்கு தன்னன்னானா வரவில்லை. மாமாக் கடையில் சோறு எனக்கு வெறும் சோறாகப் போயிற்று. வழக்கமாக அண்ணியின் குக்கர் விசிலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவளுக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் கால்பந்து பேசுவதுதான் கேட்டது. மெட்டு இப்போது நிபோங் திபாலுக்குப் போகிறது என்று தெரியும். காலையில் காரில் அண்ணன் எந்த ஜோடியை இழுத்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. மழை ஜோடியை மட்டமாகப் பேசிப் பார்த்தார், சும்மா இருந்தேன். கடைசியில் அவருக்கே பயம் வந்துவிட்டது.

"ஒடம்புக்கு முடியலயா தங்கச்சி?"

"காது வலிக்குதுண்ணே."

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அந்தப் பையன்மேல் இருந்தது பாதி. அண்ணி அவனுக்கும் அதே குழாய்ச் சத்தத்தோடு பாடி அனுப்புகிறார் என்பதில் மீதி. எனக்கு அந்த வீட்டில் அம்மா உறவு இல்லை, மாமியார் உறவு இல்லை. அத்தை என்பவள் கல்யாணத்தில் எங்கே நிற்பாள்? பாட்டெழுதுகிறவளாக இருந்தால் வாசலில் முதல் ஆளாக நிற்பாள். இல்லையென்றால் போட்டோவில் ஓரத்தில்.

ஒத்திகை அண்ணி வீட்டில் நடந்தது. கோயில் பாடகர் குழுப் பெண்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் வந்து சோபா முனையில் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தான். நான் சமையலறையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டே கேட்டேன். வேண்டுமென்றே சர்க்கரையை அதிக நேரம் கலக்கினேன்.

மெட்டு அருமையாக இருந்தது. அண்ணி இதுவரை போட்டதிலேயே இதுதான் சிறந்தது என்று நின்ற இடத்திலேயே தெரிந்தது. பெண்கள் பாடத் தொடங்கினார்கள். நிலாவிடம் உன் வீட்டு வழி கேட்டேன், கடலிடம் உன் சிரிப்பைக் கேட்டேன் என்று ஒரே விசாரணை. அது பரவாயில்லை. மூன்றாவது அடி முடிந்து, ஒன்றும் இருக்கக்கூடாத அந்த இடம் வந்தது. பையன் அதிலும் வார்த்தைகளைத் திணித்து வைத்திருந்தான். பாவம், காலியாக இருக்கிறதே என்று வானவில்லையே எடுத்து உள்ளே அடைத்திருக்கிறான். பெண்களுக்கு மூச்சு விட இடமில்லை. ஒருத்தி இருமினாள். இரண்டாவது முறையும் அங்கேயே தடுக்கி விழுந்தார்கள்.

"ஆண்ட்டி," என்று பையன் அண்ணியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்த எடத்துல மெட்டு முடியாம நின்னுச்சு. வாய்ஸ் கட் ஆயிடுச்சுன்னு நெனச்சு நானே வார்த்தை போட்டு ரொப்பிட்டேன். தப்பா?"

அண்ணி அவசரப்படவில்லை. கோபமும் இல்லை. இத்தனை வருட வழக்கில் ஒருமுறைகூடத் தீர்ப்புச் சொல்லாதவர், சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"கட் ஆகலப்பா. அது அவங்க எடம். அவங்க நாக்கு அங்க வந்து ஒரு கடி கடிக்கும், அதுக்காகத்தான் நான் மெட்ட நிறுத்துவேன். வேற யாருக்காச்சும் போடச் சொன்னா எனக்கு அப்படி வராது. போட்டுப் பாத்தேன், வரல. இதும் அவங்களுக்குப் போட்டதுதான், ஒங்ககிட்ட குடுத்துட்டேன்."

என் கையில் இருந்த கரண்டி தேத்தண்ணிக்குள் போய்விட்டது. மெட்டு தானாக வருகிறது, அதில் நான் புத்திசாலித்தனமாக இடம் கண்டுபிடித்து வரியை உட்கார வைக்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இடத்தையே எனக்காகப் போட்டிருக்கிறார். ஜோடி என்பது ஒரு ஆக்சிடென்ட் என்று இவர் முன்னால்தான் பேசியிருக்கிறேன், அவர் வடையைத் தின்றுகொண்டு கேட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷத்தில் அழுகையாகவும் வந்தது. வெங்காயம் ஒன்றும் கைவசம் இல்லாததால் அழாமல் இருந்தேன்.

பையன் நல்ல பையன். எழுந்து சமையலறைக்கே வந்தான்.

"ஆண்ட்டி, நீங்களே எழுதுங்க. என்னைய எவ்ளோ வேணும்னாலும் கிழிங்க. ஆனா நான் எங்க பக்கம் பதில் பாட்டு எழுதுவேன்."

"மெட்டுக்கு எங்க போவீங்க? கம்ப்யூட்டர்கிட்டயா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டே அண்ணியைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். மருமகனுக்காக எதிர்க்கட்சிக்கும் மெட்டுப் போடத் துணிந்துவிட்டார் என்று புரிந்தது. அண்ணன் சந்தோஷத்தில் இரண்டு கப் தேத்தண்ணி குடித்தார்.

பரிசத்தன்று சாயங்காலம் கோயில் மண்டபத்து வாசலில் நாங்கள் கைகோத்து நின்றோம். நிபோங் திபாலிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். தட்டுகளும் பட்டுச் சட்டைகளும் நல்ல வியர்வையுமாக ஒரு பட்டாளம். நான் எழுதியதை நானே முன்னால் நின்று பாடினேன்.

நிபோங் திபால் மாப்பிள்ளை, நெத்தியில சந்தனம்,
நெலாவையே வழி கேட்டு நேரங்கெட்ட ஊர்வலம்,
பாட்டு எழுதும் கையாலே பரிசம் போட வாறாராம்...
பாத்திரம் கழுவுவாரா?

குட்டி அடிக்கு முன்னால் அந்த இடம் வந்தபோது மண்டபமே மூச்சைப் பிடித்தது. அப்புறம் மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். தட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்தில் கொடுத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் பெண் மாடிப் படியில் ஒளிந்து நின்று கை தட்டினாள். எனக்கு அது போதும் என்றிருந்தது. நினைத்ததை எழுதியாயிற்று, என் பெண்ணுக்குப் பாடியாயிற்று.

அவர்கள் பதில் பாட வேண்டிய முறை. வழக்கமாக மணப்பெண்ணை இழுப்பார்கள், இல்லை பெண்ணின் அப்பாவுடைய வழுக்கையை இழுப்பார்கள். அண்ணன் முன்னெச்சரிக்கையாகத் தலையைத் தடவிக்கொண்டார். மாப்பிள்ளை பாட வரவில்லை, அவனுடைய அம்மாவும் சித்திகளும் வரிசையாக முன்னால் வந்தார்கள். வந்து நேராக என் எதிரில் நின்றார்கள்.

பொண்ணு வீட்டுச் சொந்தத்திலே பூகம்பம் ஒண்ணு இருக்குதாம்,
பேச வாயத் தொறந்தாலே பெரிய பாலம் ஆடுதாம்,
பொண்ணு ஒண்ணு கேட்டுத்தான் பொறப்பட்டு நாங்க வந்தோமே...
அத்தையும் எங்களுக்கே!

கூட்டம் வெடித்தது. பாடகர் குழுப் பெண்கள் என் கையை விட்டுவிட்டு எதிர்ப் பக்கத்துக்குக் கை தட்டினார்கள். துரோகிகள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் நிறுத்தாமல் இன்னொரு முறை பாடினார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தில் சந்தனத்தைத் தடவினார், மணப்பெண்ணுக்குத் தடவுகிற மாதிரியே.

பட்டர்வொர்த் மாப்பிள்ளையிலிருந்து இந்த நிபோங் திபால் மாப்பிள்ளை வரைக்கும் எத்தனையோ பேரை நான் பாட்டில் இழுத்திருக்கிறேன். பரிசம் இருந்தால்தான் பாட்டு. எனக்குப் பரிசம் நடக்கவில்லை, அதனால் என்னை யாரும் பாடியதில்லை. அது ஒரு குறை என்றுகூட எனக்கு அதுவரை தோன்றியதில்லை. தட்டுகளையும் பூக்களையும் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ பாடுங்க" என்றேன்.